நரம்பும் சுரக்கும்

ஆஸ்லோவிலிருந்து பேசுகிறேன். இலக்கிய மேடையில் அந்துப்பூச்சியைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. யோசித்துப் பார்த்தால் பூச்சி நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. விளக்கில் விழும் விட்டில், தன் ஆசையால் அழிகிற அறிவற்ற உயிராகத் தமிழில் எத்தனையோ முறை வந்துவிட்டது. நான் படித்து வளர்ந்த வேதாகமத்தில் அது துணியையும் செல்வத்தையும் அரிக்கிற பூச்சி. இரண்டு இடத்திலும் அதற்கு நல்ல பெயர் இல்லை.

அந்தப் பூச்சி மருத்துவத்துக்குச் செய்த ஒரு பெரிய உதவியைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நரம்பு வேறு, ஹார்மோன் வேறு என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. நரம்பே ஹார்மோனைச் சுரக்கும், அதை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்பதையும் நரம்பே சொல்லும் என்று தெரிந்துகொள்ள நூறு ஆண்டுகள் ஆயின. அந்த நூறு ஆண்டுகளின் முக்கியமான திருப்பங்களில் அந்துப்பூச்சி இருக்கிறது.

நான் நர்சிங் டிப்ளமோ படித்தபோது நரம்பு மண்டலம் ஒரு பாடம், நாளமில்லாச் சுரப்பிகள் இன்னொரு பாடம். நரம்பு தந்தி மாதிரி, நொடியில் போய்ச் சேரும், சேர வேண்டிய ஒரே வீட்டுக்குப் போகும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஹார்மோன் ரத்தத்தில் போகும் தபால். மெதுவாகப் போகும், எல்லா வீட்டு வாசலுக்கும் போகும், யாருக்கு உரியதோ அவர்கள் மட்டும் பிரித்துப் படிப்பார்கள். தேர்வு எழுத இது நல்ல உவமை. ஆனால் தந்தி அலுவலகமும் தபால் அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருக்கலாம் என்று அந்த உவமை சொல்லவில்லை.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. 1902ஆம் ஆண்டு லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அந்தக் குடல் துண்டில் அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது. அப்படியானால் செய்தி ரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இந்த வகைப் பொருளுக்கு 1905இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்று பெயர் வைத்தார். கவனியுங்கள், ஹார்மோன் என்ற கருத்தே நரம்பை அறுத்துத்தான் பிறந்தது. நரம்பின் உதவி இல்லாமல் வேலை செய்வது ஹார்மோன் என்ற எண்ணம் அதன் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்பே, நான் இப்போது வாழும் இந்த ஊரில் ஒரு விஷயம் நடந்திருந்தது. அன்றைக்கு ஆஸ்லோவின் பெயர் கிறிஸ்டியானியா. 1888 ஏப்ரல் 28ஆம் தேதி, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் 26 வயது இளைஞர் ஒருவர் தன் முனைவர் பட்ட ஆய்வை வாதாடி நிறுவினார். பெர்கன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சிங்கிறால், கடற்புழு போன்ற உயிர்களின் நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய ஆய்வு அது. பட்டம் வாங்கிய சில நாட்களிலேயே பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்துக்கொண்டு கிரீன்லாந்தைக் குறுக்கே கடக்கப் போய்விட்டார். ஆம், ஃபிரிட்யோஃப் நான்சென்தான். துருவப் பயணியாக, நாடற்ற அகதிகளுக்காக நான்சென் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தவராக, 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவராக அவரை உலகம் அறியும். நரம்பியல்காரர் நான்செனை இந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

அன்றைய பெரிய அறிஞர்கள் பலர், நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே வலையாக இருக்கின்றன என்று நம்பினார்கள். இத்தாலியின் பாவியா நகரில் இருந்த கோல்ஜி அவர்களில் முக்கியமானவர். நான்சென் 1886இல் அவரிடமே போய், நரம்புச் செல்களைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கற்றுவந்தார். அந்தச் சாயத்தைக் கொண்டே, ஒரு செல்லின் கிளை இன்னொரு செல்லின் கிளையோடு கலந்து ஒன்றாகவில்லை என்று எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஹிஸ், ஃபோரெல் ஆகியோரும், சற்றுப் பின்னால் ஸ்பெயினின் கஹாலும் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

செல்கள் தனித்தனி என்றால் அவற்றுக்கு இடையே ஓர் இடைவெளி இருக்க வேண்டும். செய்தி அந்த இடைவெளியை எப்படித் தாண்டுகிறது? 1921இல் ஆஸ்திரியாவில் ஓட்டோ லேவி தவளை இதயங்களை வைத்து இதற்கு விடை சொன்னார். நரம்பின் முனையிலிருந்து ஒரு ரசாயனம் வெளியேறுகிறது, அதுதான் இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்றார். தந்தி என்று நாம் நினைத்ததன் கடைசி அடி, ஒரு சொட்டு மருந்துதான். இடைவெளிக்குள் ஒரு சொட்டை விடத் தெரிந்த நரம்புக்கு, அதை ரத்தத்துக்குள் விடத் தெரியாதா? இந்தக் கேள்விக்கான முதல் சான்று, லேவிக்குச் சில ஆண்டுகள் முன்பாகவே போலந்தில் ஒரு கம்பளிப்புழுவின் கழுத்தில் கட்டிய நூலில் கிடைத்திருந்தது.

அந்த ஆய்வாளரின் பெயர் ஸ்டெஃபான் கோபெச். அவர் எடுத்துக்கொண்டது லைமாண்ட்ரியா டிஸ்பார் என்ற அந்துப்பூச்சியின் புழு. ஐரோப்பாவின் காடுகளை மொட்டையடிக்கும் பூச்சி இது. கடைசிப் பருவத்தில் உள்ள புழுவின் உடம்பைக் குறுக்கே நூலால் இறுக்கிக் கட்டினார். குறிப்பிட்ட நாளுக்கு முன் கட்டினால், கட்டுக்கு முன்பக்கம் மட்டும் கூட்டுப்புழுவாக மாறியது, பின்பக்கம் புழுவாகவே கிடந்தது. அந்த நாளுக்குப் பின் கட்டினால் இரண்டு பக்கமும் மாறின. மூளையை முன்கூட்டியே எடுத்துவிட்டால் மாற்றமே இல்லை. நூல் கட்டாமல் நரம்பு வடத்தை மட்டும் அறுத்தால் மாற்றம் வழக்கம்போல் நடந்தது. ஆக, உருமாறச் சொல்லும் உத்தரவு மூளையிலிருந்துதான் வருகிறது, ஆனால் நரம்பு வழியாக அல்ல, ரத்தத்தின் வழியாக. 1917இலும், விரிவாக 1922இலும் கோபெச் இதை வெளியிட்டார். மூளை ஒரு சுரப்பி என்பதற்கு உலகில் கிடைத்த முதல் சோதனைச் சான்று இது. அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒரு புழுவிடம் மூளை பற்றி என்ன கற்க முடியும் என்ற எண்ணமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

கோபெச்சின் முடிவையும் சொல்ல வேண்டும். போலந்தை ஜெர்மானியர்கள் பிடித்திருந்த காலத்தில், வார்சாவில் நாஜிகளுக்கு வேண்டிய நடிகர் ஒருவரைப் போலந்து எதிர்ப்பியக்கம் சுட்டுக்கொன்றது. அதற்குப் பழிவாங்கப் பிணைக்கைதிகளைப் பிடித்து 1941 மார்ச் 11ஆம் தேதி பால்மிரி காட்டில் சுட்டார்கள். அவர்களில் பேராசிரியர் கோபெச்சும் ஒருவர்.

இன்னொரு பக்கம், 1928இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஷாரர் என்ற இளைஞர், ஒரு சிறு மீனின் மூளையில் சுரப்பிச் செல்போல் துளிகள் நிறைந்த நரம்புச் செல்களைக் கண்டார். நரம்பும் சுரக்கும் என்று சொன்னார். நம்பியவர்கள் குறைவு. அந்தத் துளிகள் சாயம் போட்டதில் வந்த கறை, அல்லது செத்துக்கொண்டிருக்கும் செல்லின் அழுகல் என்றார்கள். அவருக்குத் துணையாக வந்தவர் அவருடைய மனைவி பெர்ட்டா. இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். முதுகெலும்பு உள்ளவை கணவருக்கு, இல்லாதவை மனைவிக்கு. நாஜி ஆட்சியைச் சகிக்க முடியாமல் 1937இல் அமெரிக்கா போனார்கள்.

அங்கே கணவருக்கு வேலை கிடைத்தது. ஒரே நிறுவனத்தில் கணவன் மனைவி இருவருக்கும் பதவி தரக்கூடாது என்ற விதியால் பெர்ட்டாவுக்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலை கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. பணம் கொடுத்து விலங்கு வாங்க வழியில்லாதவர் எதை ஆராய்வார்? கட்டடத்தின் அடித்தளத்தில் ஓடிய கரப்பான்பூச்சியை எடுத்துக்கொண்டார். 1944இல் கணவரும் மனைவியும் சேர்ந்து எழுதிய கட்டுரை, பூச்சியின் மூளைக்குப் பின்னால் உள்ள சின்னஞ்சிறு சேமிப்பு முடிச்சும், மனித மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரியின் பின்பாகமும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று காட்டியது. 1952இல் பெர்ட்டா, மூளையிலிருந்து அந்த முடிச்சுக்குப் போகும் நரம்பை அறுத்துப் பார்த்தார். வெட்டின் மூளைப் பக்கத்தில் சரக்கு தேங்கி நின்றது, முடிச்சில் வற்றிப்போனது. அணை கட்டினால் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி மறுபக்கம் வறண்டுபோவது மாதிரி. மூளையில் தயாராகும் சரக்கு நரம்புக்குள்ளேயே பயணம் செய்து, முடிச்சில் காத்திருந்து, அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது என்பது இப்படித் தெளிவானது. 1955இல், ஐம்பதை நெருங்கும் வயதில்தான், நியூயார்க்கில் பெர்ட்டாவுக்குப் பேராசிரியர் பதவி வந்தது.

அதே ஐம்பதுகளில் நம் பக்கத்தில் கேரளத்தில் கே. கே. நாயர், ஒரு தாவர மூட்டைப்பூச்சியில் நரம்புச் சுரப்பு எங்கே உருவாகிறது, முட்டையிடுவதோடு அதற்கு என்ன உறவு என்று வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். வேளாண்மை படித்த தமிழர்களுக்கு அவர் பெயர் நினைவிருக்கும். அனந்தகிருஷ்ணன், டேவிட் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதி 1976இல் வந்த பூச்சியியல் பாடநூலைப் படிக்காமல் பலர் பட்டம் வாங்கியிருக்க முடியாது.

இதுவரை சொன்னது சரக்கு எங்கே தயாராகிறது என்ற கதை. அதை வெளியே விடச் சொல்வது யார்? இந்தக் கேள்விக்கு, வளர்ந்து சிறகு முளைத்த அந்துப்பூச்சியிடம் வர வேண்டும்.

பெண் அந்துப்பூச்சி இரவில் வயிற்று நுனியிலிருந்து ஒரு வாசனையை விடும். அதை மோந்து ஆண் வரும். 1959இல் ஜெர்மனியின் பூட்டனான்ட் சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு இப்படி ஒரு வாசனைப் பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். வாசனை என்ன என்று தெரிந்தது. அது ஏன் ஒரு குறிப்பிட்ட பொழுதில் மட்டும் வருகிறது என்று தெரியவில்லை.

1984இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் அசோக் ரெய்னாவும் ஜெரோம் கிளுனும் மக்காச்சோளக் கதிர்ப்புழுவின் பெண் அந்துப்பூச்சியை எடுத்து, கழுத்தை இறுக்கிக் கட்டினார்கள். கோபெச்சின் நூல் மறுபடி வருகிறது பாருங்கள். தலையோடு தொடர்பு அறுந்த உடம்பு இரவு வந்தும் வாசனையைத் தயாரிக்கவில்லை. இன்னொரு பூச்சியின் மூளைச் சாற்றை அந்த உடம்பில் ஊசியால் ஏற்றியதும் தயாரித்தது. சுரப்பி நன்றாகத்தான் இருந்தது, தலையிலிருந்து வர வேண்டிய சொல் மட்டும் வரவில்லை. 1989இல் அந்தச் சொல் எது என்றும் கண்டுபிடித்தார்கள். 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி அது. ஆங்கில எழுத்துகளில் பி.பி.ஏ.என். என்பார்கள். உணவுக்குழலின் அடியில் உள்ள நரம்பு முடிச்சில் சில செல்கள் அதைத் தயாரிக்கின்றன.

சர்ச்சையும் உடனே வந்தது. அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் இருந்த ஆய்வாளர்கள், நெருங்கிய உறவான இன்னொரு அந்துப்பூச்சியில் வயிற்றுப்பக்க நரம்பு வடத்தை அறுத்தால் வாசனை தடைபடுகிறது, ஆகவே ரத்தம் மட்டும் போதாது, நரம்பும் வேண்டும் என்றார்கள். ரத்தமா நரம்பா என்று சில ஆண்டுகள் வாதம் நடந்தது. ஒவ்வொரு இனமும் இரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்து பயன்படுத்துகிறது என்ற இடத்தில்தான் அது வந்து நின்றது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 1992இல் ரெய்னாவும் கூட்டாளிகளும் வெளியிட்டது. கதிர்ப்புழுவின் பெண் பூச்சி பொழுது சாய்ந்ததுமே வாசனை விட்டுவிடுவதில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடும் செடி பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. மக்காச்சோளக் கதிரிலிருந்து வரும் மணம் கிடைத்த பிறகே தயாரிப்பு தொடங்குகிறது. அந்த மணத்தில் எத்திலீனும் ஒன்று. வாழைத்தாரைப் பழுக்க வைக்கிற அதே வாயு, செடிகளின் ஹார்மோன். செடியின் ஹார்மோன் பூச்சியின் நரம்பைத் தொடுகிறது, நரம்பு மூளையிடம் சொல்கிறது, மூளை தன் ஹார்மோனை விடுகிறது. தந்தியும் தபாலும் ஒன்றின் கையிலிருந்து இன்னொன்று வாங்கிக்கொண்டு ஓடுகின்றன.

தொடங்கச் சொல்வது போலவே நிறுத்தச் சொல்வதும் நரம்புதான். 1991இல் வந்த ஓர் ஆய்வில், இணை சேர்ந்த பெண் பூச்சி வாசனை விடுவதை நிறுத்துவதற்கு, வயிற்றிலிருந்து தலைக்கு நரம்பு வடத்தின் வழியே செய்தி போயாக வேண்டும் என்று தெரிந்தது. வடத்தை முன்பே அறுத்துவிட்டால் இணை சேர்ந்த பிறகும் வாசனை குறையவில்லை. அந்த ஆய்வில் இருந்தது எந்தப் பூச்சி தெரியுமா? கோபெச்சின் அதே லைமாண்ட்ரியா. அன்று அதன் புழு, நரம்பை அறுத்தாலும் உத்தரவு ரத்தத்தில் போகும் என்றது. இன்று அதன் தாய், அந்த உத்தரவை எப்போது நிறுத்துவது என்று சொல்ல நரம்பு வேண்டும் என்றது. இரண்டும் உண்மை. 1998இல் ஜப்பானின் தோஷியோ இச்சிகாவா பட்டுப்பூச்சியில் இந்த ஹார்மோன் செல்களின் மின் துடிப்பையே பதிவு செய்தார். வாசனை விடும் நேரத்தில் துடிப்பு கூடியது, இணை சேர்ந்த பின் அடங்கியது. சுரக்கும் செல் மற்ற நரம்புகளைப் போலவே மின்சாரத்தில் பேசுவதை நேரடியாகக் கேட்க முடிந்தது.

எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பருத்தி விதைக்கிறவர்களுக்கு இந்த வாசனை பழக்கமானது. ரெய்னாவின் கதிர்ப்புழுவுக்கு நெருங்கிய உறவுதான் நம் பச்சைக் காய்ப்புழு. அமெரிக்கன் காய்ப்புழு என்று பெயர் வாங்கிவிட்டது, ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்ததல்ல. ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைக்கச் சொல்கிறார்கள். பெண் பூச்சியின் வாசனையை ஒரு ரப்பர் குப்பியில் ஏற்றி, புனல் மாதிரியான பொறியில் தொங்கவிடுவார்கள். ஏமாந்து வரும் ஆண் பூச்சிகளை எண்ணி, மருந்து தெளிக்கும் நேரம் வந்ததா என்று முடிவு செய்யலாம். அந்தக் குப்பி இரவும் பகலும் மணந்துகொண்டே இருக்கும். பொழுது பார்க்காது, செடி பார்க்காது. உயிருள்ள பூச்சிக்கும் அந்த ரப்பர் குப்பிக்கும் உள்ள வித்தியாசம் நரம்புதான்.

ஒரு நர்ஸுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பிரசவ அறையில் கர்ப்பப்பை சுருங்க நாங்கள் ஏற்றும் ஆக்சிடோசின், பெர்ட்டா பார்த்த அதே குடும்பத்துச் சரக்கு. மூளையின் நரம்புச் செல்லில் தயாராகி, நரம்புக்குள் இறங்கி, பிட்யூட்டரியின் பின்பாகத்தில் காத்திருப்பது. குழந்தை மார்பில் வாய் வைக்கும்போது அந்தத் தொடுகை நரம்பின் வழியாக மூளைக்குப் போகிறது, ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்குகிறது, பால் பீய்ச்சுகிறது. தாய் பதறினால் இந்த வழி அடைபடும்.

1948இல் நியூட்டன் தம்பதியர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாலூட்டும் ஒரு தாயின் கால்களைப் பனிநீரில் வைப்பது, கால் விரலை வலிக்க இழுப்பது, கணக்குக் கேட்டு விடை தவறினால் மின் அதிர்ச்சி தருவது என்று தொந்தரவு செய்தார்கள். குழந்தைக்குக் கிடைத்த பால் வெகுவாகக் குறைந்தது. அதே தொந்தரவோடு ஆக்சிடோசின் ஊசியும் போட்டபோது பால் ஏறத்தாழ பழைய அளவுக்கு வந்தது. கழுத்து கட்டிய அந்துப்பூச்சிக்கு மூளைச் சாறு ஏற்றியது நினைவுக்கு வருகிறதா? பால் மார்பில் இருந்தது. இறங்கச் சொல்லும் சொல்தான் வரவில்லை.

பயந்தால் பால் இறங்காது என்று நம் பாட்டிமார்கள் சொன்னதைப் பழங்காலப் பேச்சு என்று தள்ளியவர்கள் உண்டு. தாய்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பாஷை தெரியாத ஊரில், அம்மா பக்கத்தில் இல்லாமல் முதல் பிள்ளை பெறும் பெண்களை நான் இங்கே பார்க்கிறேன். இரண்டாம் நாளே அவர்கள் கேட்கும் கேள்வி, எனக்குப் பால் இல்லையா சிஸ்டர் என்பது. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவுகளும் அதையே கேட்பார்கள். பால் இல்லாதவள் என்ற பட்டத்தை ஒரு பெண் மேல் ஒட்டுவது எளிது. வேறு காரணங்களாலும் பால் குறையலாம், அதைப் பார்க்க வேண்டியது எங்கள் வேலை. ஆனால் பல நேரம் முதலில் தர வேண்டிய மருந்து, அறையின் கூட்டத்தைக் குறைப்பது, வலிக்கு மாத்திரை கொடுப்பது, கதவைச் சாத்துவது, குழந்தையை அவள் தோலோடு சேர்த்துப் போடுவது.

இதெல்லாம் வெறும் மனசு சம்பந்தப்பட்டது, உடம்பில் ஒன்றுமில்லை என்ற வாக்கியத்தை எந்த நாட்டு மருத்துவமனையிலும் கேட்கலாம். அந்த வாக்கியத்துக்குள் இருப்பது பேலிஸும் ஸ்டார்லிங்கும் அறுத்த அதே கோடு. மனசு நரம்பின் பக்கம், உடம்பு ரத்தத்தின் பக்கம் என்ற கோடு. சம்பளமில்லாமல் கரப்பான்பூச்சியை அறுத்த ஒரு பெண்ணும், காட்டில் சுடப்பட்ட ஒரு பேராசிரியரும், அவர்கள் கையில் இருந்த கடுகளவு மூளைகளும் சேர்ந்து அந்தக் கோட்டை அழித்தாகிவிட்டது. பாடநூலில் அழிந்தது வார்டிலும் அழிய வேண்டும்.

விட்டிலைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் அறிவற்றது என்று சொல்லும் அந்த உயிர், ஒரு வாசனையை வெளியே விடுமுன் பொழுது ஆயிற்றா, பிள்ளைகளுக்குச் சோறு இருக்கிறதா, இணை ஏற்கெனவே வந்தாயிற்றா என்று மூன்று கேள்வி கேட்கிறது. மூன்றுக்கும் நரம்பு பதில் சொன்ன பிறகுதான் சுரக்கிறது. பயந்துபோன ஒரு தாயின் உடம்பும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் நாம் இருக்கிறோம்.